முடிவைச் சொல்லாத அப்பா

அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் திருக்குறள் உண்டு; பாரதியார் கவிதைகள் உண்டு; ராஜாஜியின் வியாசர் விருந்து உண்டு. இவற்றை எந்த அப்பாவும் வாங்கித் தருவார். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில்கூடக் கிடைக்கும். பதினாறு வயதுப் பெண்ணின் கையில் ஒரு கொலைக் கதையைக் கொடுத்து, "படிச்சுப் பாரும்மா, எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்று சொன்ன அப்பா எத்தனை பேருக்கு வாய்த்திருப்பார்? எனக்கு வாய்த்தார். அவர் கொடுத்தது அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. எழுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதிலும், பிடித்த நாவல் எது என்று யாராவது கேட்டால் என் நாக்கில் முதலில் வருவது அந்தப் பெயர்தான். அந்தக் கதையிலிருந்தும், அதை அப்பா கொடுத்த விதத்திலிருந்தும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொலை செய்தது யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டேன். படிக்காதவர்கள் தைரியமாகத் தொடரலாம்.

நாங்கள் பொன்மலைக்காரர்கள். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பட்டறை 1928இல் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு வந்தபோது, அதோடு கூடவே குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் தாத்தா. அப்பாவுக்கும் அதே பட்டறையில் வேலை. டைம் ஆபீஸில் கிளார்க். காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளர்கள் வரிசையாக டோக்கன் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் எத்தனை நிமிஷம் பிந்தினார் என்று பேரேட்டில் ஏற்றுவது அப்பாவின் வேலை. நிமிஷக் கணக்கு பார்த்துப் பார்த்து, வீட்டிலும் "பத்து நிமிஷம்" என்று யாராவது சொன்னால், "எந்தப் பத்து நிமிஷம்? எங்கேருந்து எங்க வரைக்கும்?" என்று கேட்பார். அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, இப்படிப்பட்ட ஒருவருக்கு அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று புரியும்.

காலனியில் ரயில்வேக்காரர்களுக்கென்று ஒரு இன்ஸ்டிட்யூட் இருந்தது. பில்லியர்ட்ஸ் மேஜை, நாடக மேடை, ஒரு ஓரத்தில் நூலகம். வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் படித்த ஆங்கில நாவல்கள் அலமாரி அலமாரியாகத் தங்கிப் போயிருந்தன. அப்பா வாரம் ஒரு புத்தகம் எடுத்து வருவார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கூடத்து விளக்கின் கீழே ஈஸிசேரைப் போட்டுக்கொள்வார். அந்தப் புத்தகங்களைத் தொட எங்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஆங்கிலம் என்பதால் நாங்களே தொடவில்லை.

அப்பாவுக்குக் கதைப் புத்தகங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. அவர் சிறுவனாக இருந்த காலம் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் காலம். தமிழில் துப்பறியும் நாவல் வேரூன்றியது இவர்கள் கையால்தான். வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' பிறகு 'திகம்பர சாமியார்' என்று படமாக வந்து, எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு நடித்தது அந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். என் தாத்தா இந்த நாவல்களை ஒன்று விடாமல் வாங்குவார். படித்து முடித்ததும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். பிள்ளைகள் படித்தால் கெட்டுப் போவார்கள் என்பது அவர் கட்சி. பெரியவர்களுக்கு ஆகும், பிள்ளைகளுக்கு ஆகாது என்ற அந்த நியாயம் அப்பாவுக்கு எட்டு வயதிலேயே பிடிபடவில்லை. தாத்தா பட்டறைக்குப் போன நேரத்தில் சாவியைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறார். "பாதிக் கண்ணு புஸ்தகத்துல, பாதிக் கண்ணு வாசல்ல" என்று சொல்வார். தன் பிள்ளைகள் எதையும் அப்படி ஒளிந்து படிக்கக் கூடாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டதாகவும் சொல்வார்.

1968 கோடையில் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். பதினோரு வகுப்பும் தமிழில் படித்தவள். ஜூன் மாதம் பி.யூ.சி.க்குப் போனால் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். அந்தப் பயம் வயிற்றில் கிடந்தது. எங்கள் தலைமுறையில் தமிழ் வழியில் படித்துக் கல்லூரி வாசலை மிதித்த அத்தனை பேருக்கும் அந்தப் பயம் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் இலக்கணப் புத்தகம் எதையும் கொண்டுவந்து நீட்டவில்லை. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் அப்போது கல்கண்டு பத்திரிகையில் தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சாயந்திரம், காலிகோ பைண்டிங் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை என் மடியில் வைத்தார்.

"சங்கர்லால் பிடிக்குதில்ல? இதுல ஒரு ஆளு வர்றாரு. குள்ளமா, மீசையை முறுக்கிவிட்டுக்கிட்டு. படிச்சுப் பாரும்மா, எனக்கு ரொம்பப் பிடிச்சது."

அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "பொம்பளப் புள்ள கையில கொலைக் கதையைக் குடுக்கறீங்களே, நல்லாருக்கா?"

"கொலையைக் கத்துக்கவா குடுக்கறேன்? கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் குடுக்கறேன்" என்றார் அப்பா.

இரண்டே நிபந்தனைகள். ஒன்று, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு, வரிக்கு வரி லிஃப்கோ டிக்ஷனரியைத் திறக்கக் கூடாது. "தெரியாத வார்த்தை வந்தா தாண்டிப் போ. நாலு பக்கம் தள்ளி அதே வார்த்தை திரும்ப வரும். அப்பத் தானா புரியும்." இந்த இரண்டாவது நிபந்தனையைப் பிற்பாடு ஆங்கில ஆசிரியையாக முப்பது வருஷத்துக்கு மேல் என் மாணவிகளுக்குச் சொல்லி வந்தேன். அகராதியை மூடி வைத்துவிட்டுப் படிக்கத் துணிந்தவர்கள்தான் மொழிக்குள் போகிறார்கள். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற தவிப்பு அந்தத் துணிவைத் தரும். துப்பறியும் கதைக்கு அந்தத் தவிப்பைக் கிளப்பத் தெரியும்.

கதை கிங்ஸ் அபட் என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கிறது. ஊரில் பெரிய பணக்காரர் ரோஜர் அக்ராய்ட். அவர் மணந்துகொள்ளக்கூடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த விதவை, முதல் அத்தியாயத்திலேயே இறந்து கிடக்கிறாள். ஒரு வருஷம் முன்னால் அவள் கணவன் இறந்த விதத்தில் ஏதோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட யாரோ அவளை மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். மிரட்டியது யார் என்ற விவரம் அக்ராய்டுக்குத் தெரியவரும் அதே இரவில், அவர் தன் படிப்பறையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோகிறார். வளர்ப்பு மகன் ரால்ஃப் பேட்டனைக் காணவில்லை. சந்தேகம் அவன் மேல் விழுகிறது. இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் ஊர் டாக்டர் ஷெப்பர்ட். அவருடைய அடுத்த வீட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி தோட்டத்தில் சுரைக்காய்தான் வளர்ப்பேன் என்று குடிவந்திருக்கிறார் ஒருவர். துப்பறிவாளர் ஹெர்குல் புவாரோ. காய் சரியாக வரவில்லை என்ற கோபத்தில் அதைச் சுவருக்கு மேலே தூக்கி எறிகிறார். அது டாக்டரின் காதோரம் பறந்து வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் படித்து நான் வாய்விட்டுச் சிரித்த முதல் இடம் அதுதான்.

டாக்டரின் அக்கா காரலைனைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாமலே பால்காரர், வேலைக்காரிகள் வழியாக ஊர்ச் செய்தி அத்தனையும் திரட்டிவிடுகிற அம்மாள். இந்த நாவலின் பாத்திரங்களிலேயே காரலைன் தனக்கு மிகவும் பிடித்தவள் என்றும், மிஸ் மார்ப்பிள் என்ற துப்பறியும் மூதாட்டி தன் மனதில் பிறக்க அவளும் காரணமாக இருந்திருக்கலாம் என்றும் கிறிஸ்டி எழுதியிருக்கிறார். இந்த நாவல் 1928இல் 'அலிபி' என்ற பெயரில் நாடகமானபோது காரலைனை எடுத்துவிட்டு இளம்பெண் ஒருத்தியை வைத்தார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவே இல்லை. 1930இல் மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல் வந்துவிட்டது. கல்யாணம் ஆகாத, நடுவயது கடந்த, ஊர் அலட்சியமாகப் பார்க்கிற பெண்களிடம் எவ்வளவு கூர்மையான புத்தி இருக்கிறது என்பதைக் கண்டு எழுத கிறிஸ்டி வேண்டியிருந்தது. நான் வேலை செய்த பள்ளிகளில் அப்படிப்பட்ட பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எந்த மாணவி எந்த வீட்டிலிருந்து எந்தக் கஷ்டத்தோடு வருகிறாள் என்பது தலைமை ஆசிரியைக்குத் தெரியுமுன்னே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தினமும் சாயந்திரம் அப்பா வந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது என் சந்தேகத்தைச் சொல்வேன். இன்றைக்கு பட்லர், நாளைக்கு வீட்டு மேற்பார்வை பார்க்கும் அம்மாள், மறுநாள் காணாமல் போன ரால்ஃப் என்று மாறிக்கொண்டே இருந்தது. அப்பா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்பார். "ஏன் அப்படி நினைக்கறே?" என்பார். காரணம் சொன்னால், "அப்ப அந்த நாற்காலி இடம் மாறினதுக்கு என்ன சொல்றே?" என்று ஒரு கேள்வி. "டாக்டருக்கு ஸ்டேஷன்லேருந்து போன் வந்ததே, அது?" என்று இன்னொரு கேள்வி. கேள்விகள் மட்டும்தான். நான் நெருங்கி வந்தேனா, விலகிப் போனேனா என்று அவர் முகத்தில் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒன்றும் கிடைக்காது. முடிவு தெரிந்த ஒருவர், தெரியாத ஒருத்தியிடம் ஒருமுறைகூட 'எனக்குத் தெரியுமே' என்ற தோரணை காட்டாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. மாணவிகள் முன்னால் நின்றபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசி அத்தியாயத்தை ஒரு நண்பகலில் முடித்தேன். அப்பா வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு மணிக்குச் சங்கு ஊதியதும் வாசலுக்கே போய் நின்றேன். சைக்கிளை விட்டு இறங்குமுன்பே, "இது அநியாயம்ப்பா!" என்றேன். அவர் முகத்தில் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. "எந்த எடத்துல உன்னை ஏமாத்தினாங்கன்னு காட்டு பாப்போம். பொய் சொன்ன வரி ஒண்ணு இருந்தா காட்டு."

அதற்காக இரண்டாம் முறை படித்தேன். நாவலின் பெருமை அந்த இரண்டாம் வாசிப்பில்தான் இருக்கிறது. பொய் சொன்ன வரி ஒன்றுகூட இல்லை. எல்லாமே கண்முன்னால் இருந்தது. நான்தான் பார்க்காமல் போயிருந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆரம்பப் பக்கம் ஒன்றின் ஓரத்தில் காகிதம் லேசாகத் தேய்ந்திருந்தது. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், அழுத்தி எழுதிய பென்சிலின் தடம் தெரிந்தது. கொலை செய்தவரின் பெயர். நூலகப் புத்தகங்களில் சிலர் செய்கிற அந்த வேலையை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். அப்பா என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் ரப்பரை வைத்து அழித்திருக்கிறார். காகிதம் கிழியாமல், பக்கத்து எழுத்து கலையாமல், பொறுமையாக அழித்திருக்கிறார். கேட்டேன். "முதல் தடவைங்கறது ஒரு தடவைதாம்மா வரும்" என்றார்.

எனக்கு அந்தச் செயல் எந்த உபதேசத்தையும்விடப் பெரியது. பிள்ளைக்கு ஒன்றைக் கொடுப்பதோடு பெற்றவர் வேலை முடிவதில்லை. அதை அவர்களே கண்டடைவதற்கான இடத்தையும் காபந்து பண்ணித் தர வேண்டியிருக்கிறது.

இந்த நாவலின் முடிவு நியாயமானதுதானா என்ற வாதம் நான் வாசலில் நின்று ஆரம்பித்தது இல்லை. 1926இல் புத்தகமாக வந்தபோதே இங்கிலாந்தில் அது கிளம்பிவிட்டது. எழுத்தாளர் வாசகரை வஞ்சித்துவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகரின் பொறுப்பு என்று சக எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். கதையின் மைய உத்தியைப் போன்ற ஒரு யோசனையைக் கிறிஸ்டியின் அக்காள் கணவரும், அவருக்குத் தனியே கடிதம் எழுதி இன்னொருவரும் சொல்லியிருந்தார்கள். 1924இல் கடிதம் எழுதிய அந்த இன்னொருவர், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக டெல்லிக்கு வந்த மவுண்ட்பேட்டன். 1945இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று கேட்பது போன்ற தலைப்பில், நியூயார்க்கர் இதழில் துப்பறியும் கதைகள் அனைத்தையும் சாடினார். அவர் பெரிய படிப்பாளி. இருந்தாலும் இதில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், ஒரு குற்றமற்றவன் மேல் பழி விழப் போகிறது என்றால், யார் செய்தது என்று தெரிந்துகொள்ளத் துடிப்பதில் என்ன மட்டம்? நீதிமன்றங்கள் அந்தத் துடிப்பில்தானே நிற்கின்றன? பிரிட்டனின் குற்றக் கதை எழுத்தாளர் சங்கம் 2013இல் தன் உறுப்பினர்களிடம் வாக்கு கேட்டபோது, இதுவரை வந்தவற்றிலேயே சிறந்த குற்ற நாவல் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அப்பா அப்போது இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றும் கேட்டிருப்பார்.

கிறிஸ்டியின் தன்வரலாறு 1977இல், அவர் இறந்த மறுவருஷம் வெளிவந்தது. அப்பாவும் நானும் அதை மாற்றி மாற்றிப் படித்தோம். அந்தப் புத்தகத்தில் என்னைக் கட்டிப்போட்டவர் அவருடைய அம்மா கிளாரா. எட்டு வயதுவரை குழந்தைகள் படிக்கவே கூடாது என்று கிளாராவுக்கு ஒரு கொள்கை இருந்திருக்கிறது. மகளோ ஐந்து வயதுக்குள் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அந்த அம்மா மகளுக்குக் கதை சொல்வார்; சொன்ன கதையைத் திரும்பச் சொல்ல மாட்டார். ஒருமுறை மெழுகுவர்த்தி ஒன்றைப் பற்றி ஒரு மர்மக் கதை ஆரம்பித்தார். வில்லன் மெழுகுவர்த்தியில் மெல்ல மெல்ல விஷத்தைத் தேய்க்கிறான். அந்த இடத்தில் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போனபின், மிச்சக் கதையைச் சொல் என்று குழந்தை கேட்டால், அம்மாவுக்கு ஒன்றுமே நினைவில்லை. முடியாமல் நின்ற அந்தக் கதை வயதான காலத்திலும் தன்னை விடாமல் துரத்துகிறது என்று கிறிஸ்டி எழுதுகிறார். உலகமே விஷக் கதைகளுக்காகக் கொண்டாடிய ஒருவருக்கு, அம்மா பாதியில் விட்ட ஒரு விஷக் கதை விதையாக இருந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பிறகு கன்னிப் பருவத்தில் காய்ச்சலில் படுத்துச் சலித்துக் கிடந்த மகளிடம், நீயே ஒரு கதை எழுதேன் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவரும் கிளாராதான். அக்கா மேட்ஜ் தன் பங்குக்கு, உன்னால் துப்பறியும் கதை எழுத முடியாது, பந்தயம் என்றாள். 'ரோஜர் அக்ராய்'டைக் கிறிஸ்டி அந்த அக்காவுக்குத்தான், வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரால், காணிக்கை ஆக்கியிருக்கிறார். கிளாரா 1926 ஏப்ரலில் இறந்துபோனார். நாவல் புத்தகமாக வந்தது அதே வருஷம் ஜூனில். அம்மாவின் மரணத்திலும் கணவர் விட்டு விலகியதிலும் மனம் நொறுங்கி, அந்த டிசம்பரில் கிறிஸ்டி காணாமல் போனதும், பதினோரு நாள் நாடே தேடியதும், ஹாரோகேட் நகரத்து விடுதியில் கண்டெடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தத் தேடலைவிட, ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையிலான அந்த இரண்டு மாதம்தான் மனதை அறுக்கிறது. நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் கையில், மகளின் ஆகச் சிறந்த நாவல் புத்தகமாகப் போய்ச் சேரவில்லை.

நாவலின் நடுவில் ஒரு கட்டம் வருகிறது. புவாரோ சிலரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, உங்களில் ஒவ்வொருவரும் என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள் என்கிறார். அது உண்மை. அந்த மேஜையில் இல்லாதவர்களும் மறைக்கிறார்கள். ஒருவருக்குக் கடன். ஒருவருக்கு யாருக்கும் தெரியாத திருமணம். ஒருத்திக்குத் தன் பிள்ளையைப் பற்றிய அவமானம். ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லாத காதல். அத்தனை பேரும் பதறுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஆனால் கொலை செய்தது அத்தனை பேரும் இல்லை. புவாரோ ஒவ்வொரு மறைவையும் திறந்து பார்த்து, இது வேறு துக்கம், இது வேறு பயம் என்று தனியே எடுத்து வைக்கிறார். மறைப்பதற்கும் குற்றத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்தக் கட்டம்.

அது எனக்குப் பயன்பட்ட நாள் ஒன்று உண்டு. நான் தலைமை ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் சுற்றுலாவுக்கு வசூலித்த பணம் காணாமல் போயிற்று. பைகளைச் சோதித்தார்கள். ஒரு பெண் மட்டும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தாள். உடம்பு நடுங்கியது, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் பேசினாள். ஆசிரியைகளுக்குச் சந்தேகமே இல்லை. பெற்றோரை வரவழைக்க வேண்டியதுதான் என்றார்கள். நான் அவளைத் தனியாக என் அறைக்கு அழைத்து, "எடுத்தியான்னு கேக்க மாட்டேன். எதுக்குப் பயப்படறே, அதை மட்டும் சொல்லு" என்றேன். வெகுநேரம் அழுதாள். பிறகு பையைத் திறந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் காட்டினாள். உள்ளே செயற்கை வைரக் கற்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் அந்தக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது வீட்டுக்கு வீடு நடந்த தொழில். பள்ளி விட்டதும் நேரே பட்டறைக்குப் போய் இரவு எட்டு மணிவரை வேலை செய்கிறாள். முந்தின நாள் முடித்த கல்லை ஒப்படைக்க எடுத்து வந்திருக்கிறாள். வேலைக்குப் போவது தெரிந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவோம் என்று பயம். பணம் அன்று மாலையே அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரின் அட்டைக்குள் கிடைத்தது. யார் வைத்தது என்று நான் துருவவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவைப் பிறகு வரச் சொல்லிப் பேசினேன், வேறு விஷயமாக. அவள் பிளஸ் டூ முடித்துவிட்டுத்தான் எங்கள் பள்ளியை விட்டுப் போனாள்.

அந்த அறையில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததற்கு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் காரணம் இல்லை. பதினாறு வயதில் அப்பா மடியில் வைத்த கொலைக் கதைதான் காரணம். அப்பா அதை அறிவுரையாகக் கொடுத்திருந்தால், இதில் இப்படி ஒரு பாடம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருந்தால், நான் அதைப் படித்து மறந்திருப்பேன். பெற்றோர் பலர் புத்தகத்தைக் கஷாயம் மாதிரி கொடுக்கிறார்கள். தாங்கள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். 'உனக்கு நல்லது' என்று வரும் புத்தகத்துக்கும் 'எனக்குப் பிடித்தது' என்று வரும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் குழந்தையும் கண்டுபிடிக்கும். இரண்டாவதில் கொடுப்பவர் தன்னையே கொஞ்சம் திறந்து காட்டுகிறார். நாற்பத்தைந்து வயது டைம் ஆபீஸ் கிளார்க், நிமிஷக் கணக்குக்காரர், அதட்டிப் பேசாத மனிதர், எதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தார் என்று அந்தப் புத்தகம் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் எனக்கு அப்பா. அதன் பிறகு, நான் பேசிப் பழக விரும்பிய ஒரு மனிதர்.

கொடுத்துவிட்டு விலகி நிற்பது அதைவிட அரிது. இன்றைக்குப் பிள்ளை ஒரு கதையைத் தொடுமுன்பே அதன் சுருக்கம், முடிவு, நீதி எல்லாம் நாலு பக்கத்திலிருந்தும் வந்து விழுகின்றன. தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் நம் வாயை நாம் அடக்கலாம். கணக்குத் தெரியாமல் திணறும் குழந்தைக்கு விடையைச் சொல்லிவிடத் துடிக்கிறோம். வேலையில் தடுமாறும் மகனுக்கு வழியைச் சொல்லிவிடத் துடிக்கிறோம். அன்பினால்தான். அப்பாவுக்கும் என் மேல் அன்பு இருந்தது. அந்த அன்புதான் பென்சில் எழுத்தை அழித்தது; அந்த அன்புதான் காப்பியைக் குடித்துக்கொண்டே, அந்த நாற்காலிக்கு என்ன சொல்கிறாய் என்று மட்டும் கேட்டது.

இந்தக் கோடையில் என் பேத்திக்கு அந்த நாவலைச் சொன்னேன். பெங்களூரில் இருக்கிறாள், பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். எனக்குப் பிடித்தது என்று மட்டும் சொன்னேன். இணையத்தில் தேடிப் பார்க்க மாட்டேன் என்று அவளாகவே வாக்குக் கொடுத்தாள். இரவு சாப்பாடு முடிந்ததும் போன் செய்து சந்தேகப் பட்டியலை ஒப்பிக்கிறாள். முதலில் ரால்ஃப் என்றாள். இரண்டு நாளில் அது மாறி, வீட்டு மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் போயிற்று. நேற்று பட்லர் பார்க்கர்தான் என்று அடித்துச் சொன்னாள். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டேன். கதவருகில் நின்ற நேரம், கேட்டதாகச் சொன்ன பேச்சு, கேட்கவில்லை என்று மழுப்பிய பேச்சு என்று அரை மணி நேரம் அடுக்கினாள். காரணங்கள் நன்றாகவே இருந்தன. பார்க்கரும் எதையோ மறைக்கத்தான் செய்கிறார். அந்த நாற்காலியைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். "எந்த நாற்காலி, பாட்டி?" என்றவள், இரு வர்றேன் என்று போனை வைத்துவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டப் போய்விட்டாள்.